அப்பா நல்லவராக இருந்த வாரம்

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. முழு ஆராதனைக்காரர்கள், அரை ஆராதனைக்காரர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து நடக்கும். பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பை சுற்றி வந்து, அப்பத்தட்டை மூடியிருக்கும் வெள்ளைத் துணியைப் போதகர் விலக்கும் நேரம் பார்த்து அரை ஆராதனைக்காரர்கள் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போவார்கள். பக்தி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தங்களுக்குத் தகுதி இல்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். முந்தின நாள் குடித்தவர், மருமகளிடம் வாய் நீண்டவர், அறுவடை இயந்திரக்காரனை ஏமாற்றிவிட்டு அது மனதில் உறுத்துகிறவர் எல்லாரும் அதில் சேர்த்தி. கேட்டால், "இந்த மாசம் ஆயத்தமில்லைங்க" என்பார்கள். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குச் சட்டை தேய்க்கவில்லை என்று சொல்கிற அதே குரலில்.

என் அப்பா இந்த அணியில் மூத்தவர். கோயில் வளாகத்தின் மேற்குப் பக்கத்துப் பூவரச மரம் அவருடையது. கிழக்குப் பக்கத்து வேப்பமரம் சித்தப்பாவுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வாசல் வழியாக வெளியேறி, ஆளுக்கொரு மரத்தடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நாங்கள் பாடும் பாட்டை வெளியே இருவரும் ஒரே ராகத்தில் முணுமுணுப்பார்கள். அப்பா திருவிருந்துப் பந்திக்கு வராததற்குக் காரணம் சித்தப்பா. சித்தப்பா வராததற்குக் காரணம் அப்பா.

சண்டை தண்ணீர்ச் சண்டைதான். நன்னிலம் பக்கத்தில் வேறு எதற்குச் சண்டை போடுவது? தாத்தா நிலத்தைப் பிரித்தபோது வாய்க்காலை நடுவில் வைத்து மேற்கே அப்பாவுக்கும் கிழக்கே சித்தப்பாவுக்கும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். எதிரெதிராக இரண்டு மடைகள். ஆற்றில் தாராளமாகத் தண்ணீர் வரும் வருடங்களில் இருவரும் உடன்பிறப்புகள். முறை வைத்து விடும் வருடங்களில் பங்காளிகள். முறைத் தண்ணீர் மெலிந்து வரும். இரண்டு மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டு வயலும் நாக்கை நனைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒன்றை அடைத்தால்தான் மற்றதில் ஏறிப் பாயும். யார் மடை முதலில் என்பதில்தான் எல்லாம்.

சித்தப்பா எவ்வளவு கோபத்திலும் அண்ணனுக்குரிய மரியாதையை விடமாட்டார். "நீங்கல்லாம் ஒரு மனுஷனாங்க? நாசமாப் போங்க" என்று, 'ங்க' ஒன்றைக்கூடக் கீழே சிந்தாமல் திட்டுவார். அப்பாவுக்கு அந்த இடைஞ்சல் இல்லை. தம்பி என்பதால் 'டா' போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் வாரி இறைப்பார். திட்டி முடித்து வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசிக்க முடியாமல் மூடிவிடுவார்.

அவர் உண்மையிலேயே பயந்தார். அவருடைய இளவயதில் இருந்த ஒரு போதகர், மனதில் பகையை வைத்துக்கொண்டு திருவிருந்தில் கை நீட்டுகிறவன் தனக்குத்தானே தண்டனையை வாங்கிச் சாப்பிடுகிறான் என்று ஒரு பிரசங்கம் செய்தாராம். அதற்குப் பிறகு எத்தனையோ போதகர்கள் வந்து, இரக்கத்தைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் தொண்டை வறளப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அந்த ஒரு பிரசங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாவது சண்டை போடாமல், நல்லவனாக இருந்து, சுத்தமான மனதோடு போய் முட்டி போட வேண்டும் என்பது அவர் திட்டம். அந்த மாதம் வரவே இல்லை. ஒருமுறை சனிக்கிழமை வரை தாக்குப்பிடித்தார். அன்று சாயங்காலம் சித்தப்பாவின் ஆடு எங்கள் நாற்றங்காலில் இறங்கியது. ஆடு ஏன் சனிக்கிழமை பார்த்து இறங்கியது என்று அப்பா பல வருடங்கள் யோசித்தார். சாத்தான் ஆட்டு வடிவில் வருவான் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவார்.

அம்மா முழு ஆராதனைக்காரி, முதல் பந்தி. பீடத்தைச் சுற்றியுள்ள மரத் தடுப்பின் முன்னால் அவள் முட்டி போடும் இடம் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வலது பக்கம் ஓர் ஆள் இடம் எப்போதும் காலியாக இருக்கும். தெரியாமல் யாராவது அங்கே வந்து முட்டி போட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். வந்தவர்கள் தானாகவே இடது பக்கம் போய்விடுவார்கள். இதைப் பற்றி அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம்தான் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"மோட்சத்துலயாவது பக்கத்துல உட்காருவாரா, இல்ல அங்கயும் ஒரு மரத்தைத் தேடிக்கிட்டுப் போயிடுவாரா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் நானும் மகளும் அப்பா வீட்டில்தான் இருக்கிறோம். மகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு நடந்தது அந்த வருடம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து, பாடம் படித்து, சபைக்கு முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அன்றைக்கே முதல்முறையாகத் திருவிருந்தில் பங்கு பெறுவார்கள். குறுவை நட்டு, பயிர் வேர் பிடித்து நிற்கும் சமயத்தில், ஆடி நடுவில் வந்த ஆகஸ்டு முதல் ஞாயிறில் அதை வைத்திருந்தார்கள்.

வீட்டில் அவளுக்குப் பாடம் கேட்கும் பொறுப்பை அப்பா தானாக எடுத்துக்கொண்டார். சாயங்காலமானால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போதகரைவிடக் கறாராகக் கேள்வி கேட்பார்.

"மனுஷன் எப்படி ஆண்டவருக்கு முன்னால நீதிமான் ஆகிறான்? தன் நல்ல நடத்தையாலயா?"

"இல்லை."

"தான தர்மத்தாலயா?"

"இல்லை."

"பின்னே?"

"நாம எதையும் செஞ்சு ஆக முடியாது. கிறிஸ்து நமக்காகச் செஞ்சு முடிச்சதை நம்புறோம். அந்த நம்பிக்கையைப் பார்த்து ஆண்டவர் நம்மை நீதிமான்னு ஏத்துக்கிறார். இலவசமா."

"இலவசமா! அதை அழுத்திச் சொல்லணும். சபைக்குக் கேக்கணும்" என்று அவள் முதுகில் தட்டிக் கொடுப்பார். விடை அவருக்கு மூச்சு விடாமல் வரும். பரீட்சையை அவருக்கு வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு.

கடைசி வாரத்தின் திங்கட்கிழமை, பாடம் முடிந்ததும் அவள் கேட்டாள். "தாத்தா, ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல நீங்க முட்டி போடணும். அப்பா ஊர்ல இல்ல. நீங்க மரத்தடிக்குப் போயிட்டா நான் யாரைப் பாத்து எந்திரிக்கிறது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. "வர்றேன்மா. கண்டிப்பா வர்றேன்" என்றார் அப்பா. கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது, முன்பைவிட வேகமாக.

நம்பிக்கையினால்தான் நீதிமான் என்று ஒரு மாதமாகப் பாடம் கேட்ட மனிதர், மறுநாள் காலையிலிருந்து நல்லவராக இருக்க ஆரம்பித்தார்.

அந்த வாரத்தை எங்கள் குடும்பம் மறக்காது. காப்பியில் சர்க்கரை குறைவாக இருந்தால் வழக்கமாகத் தெருவுக்கே தெரியும். இப்போது, "பரவாயில்லம்மா, சர்க்கரை ஒடம்புக்கு ஆகாது" என்று சாந்தமாகச் சொல்லி, அந்தத் தம்ளரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். உர மூட்டையைத் தப்பான இடத்தில் இறக்கிய டிராக்டர்க்காரனை, "தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினார். அவன் பயந்துபோய் மூட்டையை மறுபடி தூக்கிச் சரியான இடத்தில் வைத்துவிட்டு ஓடினான். கிரிக்கெட்டில் நம் ஆட்டக்காரன் சுலபமான பந்தைக் கோட்டை விட்டபோது, "அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். புதன்கிழமைக்குள் அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

"என்னங்க, ஒரு தடவையாவது என்னைத் திட்டிடுங்க. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"இல்லம்மா. நான் ஆயத்தத்துல இருக்கேன்."

இந்த நல்லவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையெல்லாம் கருணையோடு பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோபக்கார அப்பாவோடு வாழ்ந்துவிடலாம். தன் நல்ல குணத்தை மணிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அப்பாவோடு ஒரு சாப்பாடுகூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. எனக்கே வாய் துருதுருத்தது. அம்மா கண்ணைக் காட்டி அடக்கினாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இதற்கிடையில் சித்தப்பாவின் போக்கும் சரியில்லை. வியாழக்கிழமை தெருவில் எதிரே வந்தவர் அப்பாவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாப்பிட்டேனான்னு கேக்குறான்."

"நல்லதுதானேப்பா?"

"நல்லதுக்கா கேப்பான் அவன்? ஏதோ திட்டம் வச்சிருக்கான்" என்று பல்லைக் கடித்தவர், நினைவு வந்து பல்லை விட்டுவிட்டு, "இருக்கட்டும். ஆண்டவர் அவனை ஆசீர்வதிக்கட்டும்" என்றார். அந்த ஆசீர்வாதத்தில் கொஞ்சம் பல் பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீர். சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துவிடும். விட்டால் அடுத்த முறை எப்போது என்று அதிகாரிகளுக்கே தெரியாது. வயலில் பயிர் இளசு, மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. முறை வைத்து விடும் வருடங்களில் பெரிய யுத்தம் நடக்கிற நாள் அது. அன்று அப்பா மண்வெட்டியோடு போனார், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சட்டையில் சேறு இல்லை, தொண்டை கம்மவில்லை. முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம்.

"என்னப்பா, தண்ணி பாச்சலையா?"

"நம்ம மடையை அடைச்சுட்டேன். வைக்கோலும் மண்ணும் போட்டு நல்லா இறுக்கி அடைச்சுட்டேன். முழுத் தண்ணியும் அவனுக்கே போகட்டும். அவன் பாச்சிட்டு மிச்சம் இருந்தா நமக்கு. இல்லாட்டி வேணாம்."

"பயிர் காஞ்சுடுமேப்பா."

"காயட்டும்" என்றார், விசுவாசத்துக்காக உயிரை விடப் போகும் வேதசாட்சியைப் போல. "எதிரிக்கு விட்டுக் கொடுத்துட்டேன். இப்ப மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

சனிக்கிழமை முழுவதும் அவர் வயல் பக்கம் போகவில்லை. ஒரு தடவை போய்ப் பாருங்களேன் என்று நான் சொன்னதற்கு, போனால் தம்பி வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பொறாமை வரும், பொறாமை வந்தால் ஆயத்தம் கெடும் என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்தான் முதலில் தயாரானவர். புது வேட்டி, வெள்ளைச் சட்டை, அம்மா எடுத்துக் கொடுத்த கைக்குட்டை. மகள் வெள்ளைப் பாவாடையும் தாவணியுமாக வந்து நின்றபோது தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். நன்றாகத்தான் ஜெபித்தார், எனக்கும் கண் கலங்கியது. பிறகு, "நீங்க கெளம்புங்க, நான் வயலை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். தன் புண்ணியம் தம்பியின் வயலில் எப்படித் தளும்பி நிற்கிறது என்று பார்க்கும் ஆசை அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவையும் மகளையும் முன்னே அனுப்பிவிட்டு நான் அவர் பின்னால் போனேன்.

வாய்க்கால் கரையில் சித்தப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். அவரும் புது வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரும் தன் புண்ணியத்தைப் பார்க்க வந்திருந்தார்.

இரண்டு மடையும் அடைத்திருந்தது. எங்கள் மடையில் எங்கள் வைக்கோல், அவர் மடையில் அவர் வைக்கோல். மேற்கு வயலும் காய்ந்து கிடந்தது, கிழக்கு வயலும் காய்ந்து கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்துபோய் அடிச்சேறு மட்டும் மினுமினுத்தது. இரண்டு நாள் முறைத் தண்ணீரும் இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் நேராக ஓடிக் கடைசி வயலுக்குப் போய்விட்டிருந்தது.

அப்பா இரண்டு மடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"உன் மடையை எதுக்குடா அடைச்ச?"

"நீங்க பாச்சிக்கட்டுமேன்னுதாங்க அடைச்சேன். நீங்க எதுக்குங்க அடைச்சீங்க?"

"நீ பாச்சிக்கத்தான்டா அடைச்சேன்! உன்னை எவன்டா விட்டுக்குடுக்கச் சொன்னது?"

"பாப்பா வந்து கேட்டுச்சுங்க, சின்ன தாத்தா நீங்களும் பக்கத்துல முட்டி போடணும்னு. அதுக்காக வாரம் பூரா வாயைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேங்க. உங்களைப் பாத்து சாப்பிட்டீங்களான்னுகூடக் கேட்டேங்க!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அது புதுச் செய்தி. என் மகள் இரண்டு மரத்தடியிலும் போய் ஒரே அழைப்பை வைத்திருக்கிறாள், ஒருவரிடம் மற்றவரைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கு மேல் நடந்ததை நான் முழுதாக எழுத முடியாது. ஒரு வாரம் அடக்கி வைத்ததெல்லாம் இரண்டு பக்கமும் உடைத்துக்கொண்டு வந்தது. உன் நல்ல குணத்தால்தான் என் பயிர் காய்ந்தது என்று அப்பா கத்த, உங்கள் பெருந்தன்மையால்தான் என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கப் போகிறது என்று சித்தப்பா கத்த, பகையில்கூட இவர்கள் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இருக்கிற கொஞ்சம் சேற்றுத் தண்ணீரையாவது திருப்பலாம் என்று அப்பா வாய்க்காலில் இறங்கினார். சித்தப்பாவும் இறங்கினார். கரையில் கிடந்தது ஒரே மண்வெட்டி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் இருவரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். "மண்வெட்டியை விடுங்கண்ணே, அசிங்கமாத் திட்டிடுவேங்க" என்றார் சித்தப்பா. கோயில் மணி அடித்தது.

பாதி வழி நான் ஓடினேன். நான் உள்ளே போனபோது பிள்ளைகள் வரிசையாக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் முறை வந்தபோது அவளுக்கு அதே கேள்விதான் வந்தது. "இலவசமாக" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, ஆண்கள் பக்கத்தில் தாத்தாவைத் தேடினாள். அங்கே அவர் இல்லை. அம்மாவும் தேடினாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பூவரச மரத்தடியில் ஒரு சேற்று உருவம், வேப்பமரத்தடியில் ஒரு சேற்று உருவம். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, உள்ளே வரவும் துணிவில்லை.

போதகர் அப்பத்தட்டின் துணியை விலக்கினார். அரை ஆராதனைக்காரர்கள் இருமிக்கொண்டு எழுந்தார்கள். நானும் எழுந்து வெளியே போனேன். என்னையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

"அப்பா, வாங்க. பந்தி ஆரம்பிக்கப் போகுது."

"போம்மா. எனக்கு ஆயத்தமில்ல. எல்லாம் போச்சு. ஒரு வாரம் இருந்தேன், ஒரு நிமிஷத்துல போச்சு."

"பிள்ளை உங்களைத் தேடுறா."

"என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? பகையோட போயி கை நீட்டச் சொல்றியா? எனக்கு பயமா இருக்கும்மா."

அந்த வார்த்தை என்னைத் தொட்டிருக்க வேண்டும். தொட்டது. ஆனால் எனக்கு இரக்கம் வந்தால்கூடக் கோபத்தின் வழியாகத்தான் வரும், அது அப்பா கொடுத்த சொத்து.

"ஒரு மாசமா அந்தப் பிள்ளைக்குப் பாடம் கேட்டீங்களே, அந்தப் பதில் அவளுக்கு மட்டும்தானா? உங்களுக்கு வேற புஸ்தகமா? நம்மளே நம்மளச் சரி பண்ணிக்க முடியும்னா ஆண்டவர் எதுக்கு சிலுவைக்குப் போகணும்? பேசாம தச்சு வேலையைப் பாத்துக்கிட்டு வீட்டுலயே இருந்திருப்பாரே! நல்லவரா இருக்கேன் நல்லவரா இருக்கேன்னு ரெண்டு வயலையும் காய வச்சதுதான் மிச்சம்!"

வேப்பமரத்திலிருந்து, "நல்லாக் கேளும்மா" என்று குரல் வந்தது.

"உங்களுக்கும் சேத்துதான் சித்தப்பா!" என்றேன். வேப்பமரம் அடங்கியது.

அப்போதுதான் ஒரு மொபெட் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது. வாய்க்காலின் கடைசி வயல்காரர். எங்கள் சபை இல்லை, மாரியம்மன் கோயில் தெரு. ஊரில் அவரைவிடச் சோம்பேறியை யாரும் பார்த்ததில்லை. வாய்க்கால் தூர்வார ஊரே இறங்கும் நாளில் அவருக்கு மட்டும் காய்ச்சல் வரும். முகமெல்லாம் சிரிப்பாக வந்து அப்பாவுக்குக் கும்பிடு போட்டார்.

"அண்ணே, கோயில்லதான் இருப்பீங்கன்னு வந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. வயலு தளும்பி நிக்குது. என் ஆயுசுல அங்க இவ்வளவு தண்ணியைப் பாத்ததில்ல."

அப்பாவின் மீசை துடித்தது. "ஒரு நாளாவது வாய்க்கா வெட்ட வந்திருப்பியாடா நீ?"

"இல்லண்ணே."

"நடவாவது ஒழுங்கா நட்டியா?"

"பாதிதாண்ணே நட்டிருக்கேன்."

"பின்ன உனக்கு எதுக்குடா தண்ணி?"

அவர் தலையைச் சொறிந்தார். உண்மையாகவே யோசித்தார். "அதாண்ணே எனக்கும் தெரியல. நான் ஒண்ணும் பண்ணல. மடையைத் திறந்து போட்டுட்டு வீட்டுல படுத்துக் கெடந்தேன். வந்துச்சு. வாங்கிக்கிட்டேன். உங்களுக்கு வேணும்னா இஞ்சினை வச்சு எறைச்சு எடுத்துக்கங்கண்ணே, எனக்கு இது ரொம்ப அதிகம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கும்பிட்டு, மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

வேப்பமரத்தடியில் சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தொண்டைக்குள், பிறகு வாய் விட்டு. அப்பா முறைத்தார். உள்ளே முதல் பந்திக்கான பாட்டு தொடங்கியிருந்தது. சித்தப்பா சிரிப்பை நிறுத்தி, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேட்டியும் சேறு என்பதால் கை அப்படியேதான் இருந்தது.

"அண்ணே, நான் போறேங்க."

"எங்கடா?"

"உள்ள."

"காலையில என்னை அந்தப் பேச்சு பேசிட்டு எப்படிடா உள்ள போவ?"

"அப்படிப் பேசினதாலதாங்க போறேன்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அப்பா மரத்தைவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்றார். அவர் முகத்தில் அந்தப் பழைய பயம் வந்து போனதை நான் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கடினம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா படியில் கால் வைத்தார்.

"டேய் நில்லுடா! நீ என்னைவிடப் பெரிய பாவியா? மூத்தவன் நான் இருக்கறப்ப நீ முன்னாடி போவியா?" என்று கத்திக்கொண்டே அப்பா ஓடினார்.

நல்லவர்களாக இருக்கும் போட்டியில் தோற்றுவிட்டு, கெட்டவர்களாக உள்ளே போவதற்கும் போட்டி போட்டுக்கொண்டு, வாசலில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் இருவரும் நுழைந்தார்கள். சபையே திரும்பிப் பார்த்தது. போதகர் தட்டோடு அப்படியே நின்றார். வெள்ளைத் தரையில் இரண்டு வரிசைச் சேற்றுத் தடம் பீடம் வரைக்கும் போனது.

சித்தப்பா என் மகளின் வலது பக்கம் போய் முட்டி போட்டார். அவள் அவரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். அவளுக்கு இடது பக்கத்தில் அந்தக் காலி இடம். அதற்கு அடுத்து அம்மா, கண்ணை மூடியபடி.

அப்பா அந்த இடத்துக்கு முன்னால் வந்து தயங்கினார். ஜெபிக்கத் தெரிந்த மனிதருக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை போலிருக்கிறது. முட்டி போட்டு, நகத்திலெல்லாம் சேறு அப்பிய இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சேற்று வாசனைக்கு அம்மா கண் திறந்தாள். எத்தனையோ வருடம் காலியாக வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். அதில் இருந்தவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவர்களைத் தொடர்ந்து உள்ளே வந்து, பின்னால் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த எனக்குக் கேட்கும்படி, பல்லுக்கு நடுவில் பேசினாள்.

"காலையாவது கழுவிட்டு வரக் கூடாதா?"

அப்பா நீட்டிய கையை மடக்காமல், குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"கழுவிட்டுத்தான் வரணும்னா நான் எப்பத்தாம்மா வர்றது?"

அம்மா, சேறு படாமல் இருக்க ஒதுக்கிப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, அவரை ஒட்டி நகர்ந்து முட்டி போட்டாள்.